சிபேனலில் மெயில் ஐடிகள்: உருவாக்குவது, ஓடவைப்பது, பழுது பார்ப்பது

சொந்த டொமைன் பெயரில் ஒரு மெயில் ஐடி உருவாக்க ஒரு நிமிடம் போதும். தலைவலி அதற்குப் பிறகுதான் வரும். அனுப்பிய மெயில் ஸ்பேமில் விழும். வர வேண்டிய மெயில் வராது. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த போன் இன்று பாஸ்வேர்டு தவறு என்று அடம்பிடிக்கும். இந்தத் தொல்லைகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கும்: கண்ட்ரோல் பேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம், சிபேனல் அவற்றில் ஒன்று) ஒன்று சொல்கிறது, டொமைனின் டிஎன்எஸ் (அந்த டொமைனின் வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல்) வேறொன்று சொல்கிறது. அதனால் பேனலுக்குள் போகும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

இங்கே பொத்தான்களின் பெயர்கள் சிபேனலில் உள்ளபடி தரப்பட்டுள்ளன. பிளெஸ்க், டைரக்ட்அட்மின் போன்ற பேனல்களில் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

நேம்சர்வர் யாருடையது?

டொமைனை ஓரிடத்தில் வாங்கி, ஹோஸ்டிங்கை இன்னோரிடத்தில் எடுத்து, நடுவில் கிளவுட்ஃபிளேர் என்ற டிஎன்எஸ் சேவையையும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சிபேனலில் 'ஜோன் எடிட்டர்' என்று ஒன்று இருக்கும். அதில் எம்எக்ஸ் (மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பது), டிஎக்ஸ்டி (சரிபார்ப்புக் குறிப்புகள்) ரெக்கார்டுகளை மாற்றலாம், சேமிக்கலாம், பச்சை நிறத்தில் வெற்றிச் செய்தியும் வரும். ஆனால் டொமைனின் நேம்சர்வர், அதாவது டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர், ஹோஸ்டிங் கம்பெனியுடையதாக இல்லாவிட்டால் அந்த மாற்றம் வெளியுலகில் யாருக்கும் தெரியாது. வெளியில் இருப்பவர்கள் கேட்பது நேம்சர்வரை மட்டும்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். டொமைன் வாங்கிய இடத்தில் லாகின் செய்து நேம்சர்வர் என்ற தலைப்பில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். அல்லது விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்கப் கட்டளையை என்எஸ் வகைக்கு ஓட்டிப் பாருங்கள். அங்கே எந்தப் பெயர் வருகிறதோ, அந்தப் பேனலில்தான் இனி டிஎன்எஸ் வேலை எல்லாம். இதை ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வருடம் கழித்து ஏதாவது கெட்டுப்போகும்போது இதைத்தான் முதலில் தேடுவீர்கள்.

ஐடி உருவாக்குதல்

சிபேனலின் பாதுகாப்பான போர்ட் 2083. வெப்மெயிலுக்கு 2096. சில அலுவலக நெட்வொர்க்குகளில் இந்தப் போர்ட்டுகள் அடைக்கப்பட்டிருக்கும். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் பிரச்சினை ஹோஸ்டிங்கில் இல்லை.

உள்ளே போனதும்:

1. 'இமெயில்' பகுதியில் 'இமெயில் அக்கவுண்ட்ஸ்' திறந்து 'கிரியேட்' அழுத்துங்கள்.
2. ஒன்றுக்கு மேல் டொமைன் இருந்தால் சரியான டொமைனைத் தேர்ந்தெடுங்கள். முதன்மை டொமைன்தான் தானாக நிற்கும். கவனிக்காமல் விட்டால் ஐடி வேறு டொமைனில் உருவாகிவிடும்.
3. யூசர்நேம் தாருங்கள். எழுத்து, எண், புள்ளி, ஹைஃபன், அண்டர்ஸ்கோர் போதும்.
4. பாஸ்வேர்டை நீங்களே போடாமல் 'ஜெனரேட்' கொடுங்கள். அல்லது பயன்படுத்தப் போகிறவரின் வேறொரு மெயிலுக்கு லிங்க் அனுப்பி, அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.
5. ஸ்டோரேஜ் அளவைக் குறிப்பிட்டுக் கிரியேட் செய்யுங்கள்.

யூசர்நேமில் அவசரப்பட வேண்டாம். உருவாக்கிய ஐடியின் பெயரைப் பிறகு மாற்றும் பொத்தான் கிடையாது. புது ஐடி உருவாக்கி, பழைய மெயில்களைக் காப்பி செய்து, பழைய முகவரிக்கு ஃபார்வர்டர் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்புவது) போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். எழுத்துப் பிழையோடு விசிட்டிங் கார்டு அச்சடித்துவிட்டால் அந்தப் பிழையையும் ஒரு ஃபார்வர்டராக வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

ஸ்டோரேஜில் 'அன்லிமிடெட்' என்பது ஆசை காட்டும். அது உண்மையில் எல்லையற்றது அல்ல. உங்கள் ஹோஸ்டிங் பிளானின் மொத்த இடத்தை அந்த ஒரு ஐடி தின்னலாம் என்று மட்டுமே அதற்குப் பொருள். இடம் நிறைந்தால் அந்த ஐடி மட்டும் நிற்காது. எல்லா ஐடிகளுக்கும் மெயில் வருவது நிற்கும், அதே கணக்கில் ஓடும் வெப்சைட்டில் படம் ஏற்ற முடியாது, பேக்கப் பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு ஐடிக்கும் எல்லை வைத்தால் நிறையும்போது ஒருவர் மட்டும்தான் பாதிக்கப்படுவார். எல்லாவற்றையும் கூட்டினால் பிளானின் அளவைத் தாண்டக் கூடாது, வெப்சைட்டுக்கும் பேக்கப்புக்கும் இடம் விட வேண்டும்.

இடத்தைப் போலவே ஐநோட் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் பல கம்பெனிகள் ஃபைல் எண்ணிக்கைக்கும் எல்லை வைத்திருக்கும். வழக்கமான மெயில்டிர் அமைப்பில் ஒரு மெயில் என்பது ஒரு ஃபைல். படிக்காமல் குவியும் நோட்டிஃபிகேஷன் மெயில்கள் இடத்தைச் சிறிதளவே எடுத்தாலும் எண்ணிக்கையில் எகிறிவிடும். பாதி இடம் காலியாக இருந்தும் ஃபைல் சேமிக்க முடியவில்லை என்ற பிழை வந்தால் அங்கே பாருங்கள்.

குப்பையைக் கழிக்க 'இமெயில் டிஸ்க் யூசேஜ்' இருக்கிறது. ஐடியைத் தேர்ந்தெடுத்தால் ஃபோல்டர் வாரியாக அளவு காட்டும், ஒரு வருடத்துக்கு மேற்பட்டவை, அளவில் பெரியவை என்று வகைபிரித்து அழிக்கலாம். இங்கே அழித்தது டிராஷுக்குப் போகாது, போனது போனதுதான். சென்ட் ஃபோல்டரையும் மறக்காதீர்கள். அனுப்பிய அட்டாச்மென்ட்டுகள் அத்தனையும் அங்கேதான் படுத்திருக்கும்.

போனிலும் கணினியிலும் சேர்க்கும்போது

'கனெக்ட் டிவைசஸ்' என்ற இணைப்பை அழுத்தினால் அந்த ஐடிக்கான சர்வர் விவரம் அப்படியே கிடைக்கும். அதில் பார்க்க வேண்டிய எண்கள் இவை: மெயிலைப் பெற ஐமேப் 993 அல்லது பாப் 995, அனுப்புவதற்கு எஸ்எம்டிபி 465. என்க்ரிப்ஷன் வகையில் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் இணைப்பு கிடைக்காது, சில சமயம் பிழைச்செய்தி எதுவும் வராமல் நீண்ட நேரம் சுற்றிவிட்டு டைம்அவுட் ஆகும். 25-ஆம் போர்ட்டைப் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் எதையும் நம்ப வேண்டாம். வீட்டு, அலுவலக இணைப்புகள் பலவற்றில் அது அடைக்கப்பட்டிருக்கும்.

யூசர்நேம் கட்டத்தில் முழு மெயில் முகவரியும் வேண்டும், @ குறிக்கு முன்பாதி மட்டும் போட்டால் நுழைய முடியாது. அனுப்பும் சர்வருக்கும் அதே யூசர்நேம், பாஸ்வேர்டு தர வேண்டும். மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்பவர்களின் போனில் பெரும்பாலும் எஸ்எம்டிபியின் 'ஆதென்டிகேஷன் தேவை' டிக் விடுபட்டிருக்கும்.

ஐமேப்பா பாப்பா என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட கருவியில் பார்ப்பவருக்கு ஐமேப்தான். பாப்பில் மெயில்கள் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீங்கிவிடக்கூடும். அந்த ஹார்டுடிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ஐமேப்பிலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: போனில் இடம் இல்லை என்று அங்கே மெயிலை அழித்தால் அது சர்வரிலும் அழியும், எல்லாக் கருவியிலும் அழியும். ஐமேப் என்பது பேக்கப் இல்லை.

சர்டிபிகேட் பொருந்தவில்லை என்று அவுட்லுக் எச்சரித்தால் 'சரி' அழுத்திக் கடந்து போகாதீர்கள். சர்வர் பெயர் கட்டத்தில் உங்கள் டொமைனின் 'மெயில்' சப்டொமைன் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்குச் சர்டிபிகேட் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். 'எஸ்எஸ்எல் டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் சர்டிபிகேட்டைத் தானாக வாங்கித்தரும் ஆட்டோஎஸ்எஸ்எல்லை ஓட்டினால் பொதுவாகச் சரியாகும். அவசரம் என்றால் ஹோஸ்டிங் சர்வரின் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கிளவுட்ஃபிளேர் பயன்படுத்துகிறவர்கள் 'மெயில்' ரெக்கார்டின் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்ற வேண்டும். ஆரஞ்சு என்றால் நடுவில் நிற்கும் பிராக்ஸி இயங்குகிறது, அது வெப்சைட்டுக்கானது, ஐமேப்பையும் எஸ்எம்டிபியையும் கடத்தாது.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் யாருக்கும் மெயில் திறக்கவில்லை

இது அடிக்கடி நடக்கும், நடக்கும்போது ஹோஸ்டிங்கே விழுந்துவிட்டது போலத் தோன்றும். அலுவலகத்தில் ஒருவரின் பாஸ்வேர்டு மாற்றப்படுகிறது. அவர் கணினியில் புதியதைப் போட்டுவிட்டார், பையில் இருக்கும் போனில் பழையது அப்படியே இருக்கிறது. போன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டுகிறது. சர்வரின் ஃபயர்வால் அதைத் திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொண்டு அந்த ஐபி முகவரியை அடைத்துவிடுகிறது. அலுவலகம் முழுக்க ஒரே ரவுட்டர், ஒரே வெளி ஐபி. ஆகவே எல்லாருக்கும் மெயில் நிற்கிறது, சொந்த வெப்சைட்டும் அந்த அலுவலகத்திலிருந்து மட்டும் திறக்காது.

சோதனை: மொபைல் டேட்டாவில் வெப்சைட் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் ஐபி அடைபட்டிருக்கிறது. உங்கள் வெளி ஐபியைக் குறித்துக்கொண்டு ஹோஸ்டிங் சப்போர்ட்டிடம் தந்து நீக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் பழைய பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டிருக்கும் கருவியைக் கண்டுபிடியுங்கள். போன், டேப்லெட், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பிரிண்டர் என எதுவாகவும் இருக்கலாம். பிரிண்டரை யாரும் நினைப்பதே இல்லை. கருவியைச் சரிசெய்யாமல் ஐபியைத் திறந்தால் சிறிது நேரத்தில் மறுபடி அடைபடும்.

ஃபார்வர்டர், டிஃபால்ட் அட்ரஸ்

'ஃபார்வர்டர்ஸ்' பக்கத்தில் 'ஆட் ஃபார்வர்டர்' கொடுத்து ஒரு முகவரிக்கு வருவதை இன்னொன்றுக்குத் திருப்பலாம். மெயில்பாக்ஸும் இருந்து ஃபார்வர்டரும் இருந்தால் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு பிரதி சேரும். மெயில்பாக்ஸ் இல்லாமலும் ஃபார்வர்டர் வைக்கலாம், பிரதி மிஞ்சாது. நான்கு பேர் பார்க்க வேண்டிய 'சேல்ஸ்' போன்ற முகவரிக்கு ஒரு பாஸ்வேர்டை நான்கு பேரிடம் கொடுப்பதைவிட, நான்கு ஃபார்வர்டர் போடுவது மேல். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஒரு வரியை நீக்கினால் போதும்.

டொமைனுக்குள்ளேயே திருப்புவதில் சிக்கல் இல்லை. ஜிமெயிலுக்குத் திருப்பும்போதுதான் வம்பு. மெயிலை அனுப்பியவரின் டொமைன் ஒன்று, ஜிமெயிலிடம் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் சர்வர். அனுப்பியவரின் எஸ்பிஎஃப் பட்டியலில் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்கள்) உங்கள் சர்வர் இருக்காது, அதனால் அந்தச் சோதனை தோற்கும். மெயிலோடு செல்லும் டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையொப்பம் சிதையாமல் இருந்தால் மெயில் தப்பும். ஆனால் ஸ்பேம் ஃபில்டர் சப்ஜெக்டில் 'ஸ்பேம்' என்று ஒட்டி அனுப்பினால் அந்தக் கையொப்பமும் பொய்த்துப்போகும். அதோடு உங்களுக்கு வரும் ஸ்பேம் முழுவதையும் உங்கள் சர்வரே ஜிமெயிலுக்கு அனுப்புவதாகப் பதிவாகி, சர்வரின் பெயர் கெடும். ஜிமெயில் ஆப்பிலேயே பார்க்க வேண்டும் என்றால், போனில் அந்த ஆப்பிலேயே உங்கள் ஐடியை ஐமேப் கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'டிஃபால்ட் அட்ரஸ்' என்பது இல்லாத முகவரிக்கு வரும் மெயில்களை என்ன செய்வது என்று சொல்லுமிடம். எதையும் தவறவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு ஐடிக்குத் திருப்புகிறார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் வாயில் வந்த பெயர்களையெல்லாம் போட்டு அனுப்புவார்கள், அத்தனையும் அந்த ஒரு பெட்டியில் கொட்டும். பிழைச்செய்தியோடு நிராகரிக்கும் முதல் வாய்ப்பே சரி. தப்பாக எழுதிய வாடிக்கையாளருக்கும் அப்போதுதான் தவறு தெரியவரும். 'பிளாக்ஹோல்' வேண்டவே வேண்டாம், அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

இமெயில் ரவுட்டிங்: ஒரு டிக் செய்யும் குழப்பம்

மெயிலை கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கோ மைக்ரோசாஃப்ட் 365-க்கோ மாற்றிவிட்டு வெப்சைட்டை மட்டும் பழைய ஹோஸ்டிங்கில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அறிகுறி வினோதமாக இருக்கும். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் ஒழுங்காக வரும். வெப்சைட்டின் கான்டாக்ட் ஃபார்மில் நிரப்புவது மட்டும் வராது. காரணம், வெளியுலகம் எம்எக்ஸ் ரெக்கார்டைக் கேட்டுப் புது இடத்துக்குப் போகிறது. ஹோஸ்டிங் சர்வரோ யாரையும் கேட்பதில்லை. இந்த டொமைன் என்னிடமே இருக்கிறது என்று நினைத்துத் தன்னிடம் உள்ள பழைய மெயில்பாக்ஸில் போட்டுவிடுகிறது. பழைய மெயில்பாக்ஸை அழித்திருந்தால் அப்படி ஒருவரே இல்லை என்று திருப்பி அனுப்புகிறது.

'இமெயில் ரவுட்டிங்' பக்கத்தில் டொமைனைத் தேர்ந்தெடுத்து 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்று மாற்றுங்கள். மெயில் இதே ஹோஸ்டிங்கில் இருந்தால் 'லோக்கல்'. தானாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் உண்டு, ஆனால் டிஎன்எஸ் வெளியில் இருக்கும்போது அதை நம்ப முடியாது, வெளிப்படையாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அதே சர்வரில் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள் உங்களுக்கு அனுப்பும் மெயிலும் இந்த ஒரு டிக்கைப் பொறுத்தே போகும்.

எம்எக்ஸ் எழுதும்போது இரண்டு விதி. அது ஒரு பெயரைத்தான் சுட்ட வேண்டும், ஐபியைச் சுட்டக் கூடாது, அந்தப் பெயரும் சிநேம் (வேறொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) ஆக இருக்கக் கூடாது. ஒன்றுக்கு மேல் எம்எக்ஸ் இருந்தால் கூடவரும் எண் சிறியதாக இருப்பதற்கே முன்னுரிமை. பழைய ஹோஸ்டிங்கின் எம்எக்ஸை 'இருக்கட்டுமே' என்று பெரிய எண்ணோடு விட்டுவைத்தால், எப்போதாவது ஒரு மெயில் அங்கே போய்த் தங்கும். அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கின. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது இல்லாமல் ஜிமெயிலுக்கு அனுப்ப முடியாது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் கொள்கை) வேண்டும். நாளைக்குப் பத்து மெயில் அனுப்புகிறவரும் மூன்றையும் வைத்துவிடுவதே உத்தமம்.

'இமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு டொமைனுக்கும் நிலை காட்டும். நேம்சர்வர் ஹோஸ்டிங்கில் இருந்தால் 'ரிப்பேர்' அழுத்தினால் போதும். வெளியில் இருந்தால் 'மேனேஜ்' அழுத்தி, அங்கே காட்டும் பெயரையும் மதிப்பையும் காப்பி செய்து, முதலில் குறித்து வைத்தீர்களே அந்த டிஎன்எஸ் பேனலில் டிஎக்ஸ்டி ரெக்கார்டாக ஒட்ட வேண்டும்.

எஸ்பிஎஃப்பில் கெடுவது பெரும்பாலும் எண்ணிக்கை. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, நியூஸ்லெட்டர் சேவைக்கு ஒன்று என இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது, பெறுபவர் அதை நிரந்தரப் பிழையாகக் கருதுவார். இரண்டாவதில் உள்ள 'இன்க்லூட்' பகுதியை மட்டும் எடுத்து முதலாவதன் கடைசியில் வரும் 'ஆல்' என்பதற்கு முன்னால் செருகுங்கள். எல்லா இன்க்லூடுகளும் சேர்ந்து 10 டிஎன்எஸ் தேடல்களைத் தாண்டக் கூடாது. ஓர் இன்க்லூடுக்குள் இன்னும் மூன்று ஒளிந்திருக்கலாம், அதையும் எண்ண வேண்டும். எப்போதோ நிறுத்திய சேவைகளை நீக்கினாலே பெரும்பாலும் எல்லைக்குள் வந்துவிடும்.

டிகேஐஎம்மில் கெடுவது நீளம். 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும், ஒரு டிஎக்ஸ்டி துண்டுக்கு எல்லை 255. நல்ல டிஎன்எஸ் பேனல்கள் தாமாகவே பிரித்துக்கொள்ளும். பழைய பேனல்களில் இரண்டு மேற்கோள் துண்டுகளாக நீங்களே பிரித்துப் போட வேண்டியிருக்கும். காப்பி செய்யும்போது நடுவில் ஓர் இடைவெளி புகுந்தாலோ, பெயர்க் கட்டத்தில் டொமைன் இரண்டு முறை ஒட்டிக்கொண்டாலோ கையொப்பம் தோற்கும். இரண்டாவது பிழை மிகவும் சகஜம். பல பேனல்கள் டொமைன் பெயரைத் தாமே சேர்த்துக்கொள்ளும், நீங்களும் முழுப்பெயரை ஒட்டினால் இரட்டிப்பாகிவிடும்.

டிமார்க்கை 'நன்' கொள்கையோடு (எதையும் தடுக்காமல் கண்காணிப்பது மட்டும்) தொடங்குங்கள். அறிக்கைகளை வாங்க ஒரு முகவரி கொடுங்கள், சில வாரங்கள் வரும் அறிக்கைகளில் உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியும். மறந்துபோன பில்லிங் மென்பொருள் ஒன்று அதில் அகப்படும். எல்லாம் ஒழுங்கான பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), அப்புறம் 'ரிஜெக்ட்' (மறுத்துவிடு). முதல் நாளே ரிஜெக்ட் போட்டால் உங்கள் சொந்த இன்வாய்ஸ்களே திரும்பி வரும்.

சரிபார்க்க ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பி, அங்கே மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். மேலே மூன்றுக்கும் 'பாஸ்' என்று வர வேண்டும். சிபேனலின் பச்சை டிக்கைவிட இதுவே நம்பத்தகுந்தது, ஏனென்றால் இது பெற்றவர் கண்ணால் பார்த்தது.

கான்டாக்ட் ஃபார்ம்

ஃபார்மில் வாடிக்கையாளர் தரும் முகவரியை 'ஃபிரம்' ஆக வைத்து அனுப்பும் அமைப்புகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் சர்வர் ஜிமெயில் பெயரில் மெயில் அனுப்புவதாக அது ஆகிவிடும், எந்தச் சோதனையிலும் தேறாது. ஃபிரம் உங்கள் டொமைனின் ஐடியாக இருக்கட்டும், வாடிக்கையாளர் முகவரி 'ரிப்ளை-டு'வில் போகட்டும். இதற்கென்றே ஒரு ஐடி உருவாக்கி, அந்தப் பாஸ்வேர்டோடு எஸ்எம்டிபி பிளகின் வழியே அனுப்பினால் எங்கே நின்றது என்று தடம் பார்க்க முடியும்.

திரும்பி வந்த மெயிலைப் படிப்பது

பவுன்ஸ் மெயிலை எல்லாரும் பார்த்தவுடன் அழித்துவிடுகிறார்கள். அதில் ஒரு மூன்றிலக்க எண் இருக்கும், அதைத் தேடுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகம், சர்வர் தானாக மறுபடி முயலும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு.

550 என்று வந்து 'நோ சச் யூசர்' என்றிருந்தால் முகவரி தவறு. அல்லது மேலே சொன்ன ரவுட்டிங் குழப்பத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், மறுத்தது யாருடைய சர்வர் என்று பெயரைப் பாருங்கள். உங்கள் சர்வரே மறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். 550-ஐத் தொடர்ந்து 5.7 என்று தொடங்கும் எண் வந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அல்லது பிளாக்லிஸ்ட் சார்ந்தது, கூடவே ஒரு விளக்க லிங்க்கும் பெரும்பாலும் இருக்கும். 552 என்றால் அவர் பெட்டி நிறைந்துவிட்டது அல்லது மெயில் அளவு மிகப் பெரியது. 535 என்றால் பாஸ்வேர்டு.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. அட்டாச்மென்ட் மெயிலில் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். 20 எம்பி ஃபைல் 27 எம்பி ஆகும், 25 எம்பி எல்லை உள்ள இடத்தில் முட்டிக்கொள்ளும். 18 எம்பிக்கு மேல் இருந்தால் லிங்க்காக அனுப்புங்கள்.

மணிக்கு இத்தனை மெயில் என்ற எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், அல்லது தோல்வியடைந்த மெயில்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று உங்கள் சர்வரே சொன்னால் இரண்டு வாய்ப்பு. நீங்கள் பழைய பட்டியல் ஒன்றுக்கு மொத்தமாக அனுப்பியிருக்கிறீர்கள், அல்லது வேறு யாரோ உங்கள் ஐடியில் அனுப்புகிறார்கள். 'ட்ராக் டெலிவரி' பக்கத்தில் தேடினால் எந்த ஐடி, யாருக்கு, எப்போது, என்ன பதில் என்று வரி வரியாக வரும். வரவே இல்லை என்று ஒருவர் சொல்லும்போதும் இங்கேதான் பார்க்க வேண்டும். எதிர்முனை ஏற்றுக்கொண்டதாக இருந்தால், அவரை ஸ்பேம் ஃபோல்டரைப் பார்க்கச் சொல்வதைத் தவிர உங்கள் பக்கம் வேலை இல்லை.

ஐடி களவுபோனால்

தெரியாத ஐடிகளுக்கு நூற்றுக்கணக்கில் மெயில் போயிருந்தால் வரிசை முக்கியம். முதலில் அந்த ஐடியின் 'மேனேஜ்' பக்கத்தில் 'ரிஸ்ட்ரிக்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் வெளியே போகும் மெயிலை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதன் பிறகு ஃபார்வர்டர்களையும் ஃபில்டர்களையும் திறந்து பாருங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே வந்தவர் எல்லா மெயிலும் தனக்கு ஒரு பிரதி வரும்படி ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார், பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த வரி வேலை செய்துகொண்டே இருக்கும். 'குளோபல் இமெயில் ஃபில்டர்ஸ்' தனி, அந்த ஐடிக்கான 'இமெயில் ஃபில்டர்ஸ்' தனி, வெப்மெயிலுக்குள்ளும் பாருங்கள். சர்வரின் வரிசையில் நிற்கும் மிச்ச ஸ்பேமை நீக்கும்படி ஹோஸ்டிங்கிடம் கேளுங்கள். அந்த ஐடியைப் பயன்படுத்திய கணினியையும் சோதிக்காமல் மறுபடி திறக்க வேண்டாம்.

சிபேனல் லாகினுக்கு டூ-ஃபேக்டர் போடலாம், போடுங்கள். ஆனால் ஐமேப் வழியே மெயில்பாக்ஸுக்குள் நுழைபவரிடம் அது எதையும் கேட்காது. அங்கே காவல் பாஸ்வேர்டு ஒன்றுதான்.

ஸ்பேம் ஃபில்டரில் மதிப்பெண் எல்லை 5-இல் இருக்கும், எண் குறையக் குறையக் கெடுபிடி கூடும். 'ஆட்டோ டெலிட்' வேண்டாம், ஸ்பேம் பாக்ஸில் விழட்டும், வாரம் ஒருமுறை எட்டிப்பாருங்கள். ஆட்டோ ரெஸ்பாண்டரில் முடிவுத் தேதி தவறாமல் போடுங்கள், இல்லாவிட்டால் விடுமுறை முடிந்து மாதங்கள் ஆகியும் நீங்கள் ஊரில் இல்லை என்றே பதில் போய்க்கொண்டிருக்கும்.

ஆள் போகும்போதும் ஹோஸ்டிங் மாறும்போதும்

ஒருவர் வேலையை விட்டால் ஐடியை உடனே அழிக்காதீர்கள், அழித்தால் அதிலுள்ள மெயில் அத்தனையும் கூடவே அழியும். பாஸ்வேர்டை மாற்றி, லாகினைச் சஸ்பெண்ட் செய்து, வருவதை வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். பழைய மெயில்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, இடம் வேண்டும் என்றால் பெட்டியை நீக்கலாம், ஃபார்வர்டர் மட்டும் இருக்கட்டும்.

ஹோஸ்டிங் மாறும்போது டிஎன்எஸ்ஸை மாற்றினால் பழைய மெயில்கள் தாமாக வராது. ஒரு நாள் முன்பே எம்எக்ஸின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் பழைய விவரத்தை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கும் என்பது) 14400-இலிருந்து 300-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் எல்லா ஐடிகளையும் அதே பெயரில் உருவாக்குங்கள். ஐமேப்சிங்க் போன்ற கருவியால் மெயில்களை நகலெடுங்கள், பிறகு எம்எக்ஸை மாற்றுங்கள். மாற்றிய பின் இன்னொரு முறை ஐமேப்சிங்க் ஓட்டினால் இடைவெளியில் பழைய சர்வரில் விழுந்தவையும் வந்துவிடும். எம்எக்ஸ் மாறியபின் பழைய சர்வரை டொமைன் பெயரால் அடைய முடியாமல் போகலாம், அதன் சொந்தப் பெயரையோ ஐபியையோ முன்னதாகக் குறித்து வையுங்கள். சிபேனலின் முழு பேக்கப்பை நீங்கள் இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நீங்களே மீட்டெடுக்க முடியாது, ஹோஸ்டிங்தான் செய்து தர வேண்டும். ஃபார்வர்டர்களுக்கும் ஃபில்டர்களுக்கும் பேக்கப் பக்கத்தில் தனித்தனி டவுன்லோடு இருக்கிறது, அதை எடுக்க ஒரு நொடிகூட ஆகாது.

டொமைன் பதிவாளரிடமும் ஹோஸ்டிங்கிலும் கொடுத்திருக்கும் தொடர்பு மெயில் அதே டொமைனின் ஐடியாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். டொமைன் காலாவதியானால் அந்த ஐடி இயங்காது. பாஸ்வேர்டு ரீசெட் லிங்க் அங்கேதான் போகும்.